பிஎச்பிமைஅட்மின் பயனருக்கு முழு உரிமை கொடுத்தால்தான் வேலை நடக்குமா?

கேள்வி: 3 பிப்ரவரி 2025

உபுண்டு 24.04 சர்வரில் அப்பாச்சி வலைச் சர்வர், மைஎஸ்க்யூஎல் 8.0 தரவுத்தளச் சர்வர், அதை உலாவி வழியாக மேலாளும் செயலியான பிஎச்பிமைஅட்மின் மூன்றையும் நிறுவியுள்ளேன். நிறுவும்போது கேட்கப்பட்ட கடவுச்சொல்லைக் கொண்டு ‘பிஎச்பிமைஅட்மின்’ என்ற பெயரிலேயே நுழைந்தால், புதிய தரவுத்தளம் உருவாக்கும் இடத்தில் ‘உரிமை இல்லை’ என்று வருகிறது. ரூட் (முழு உரிமையுள்ள மேலாண்மைக் கணக்கு) பெயரில் நுழைய முயன்றால் 1698 என்ற பிழை வருகிறது. பலரும் சொல்வதுபோல டெர்மினலில் போய் அந்தப் பயனருக்கு எல்லாத் தரவுத்தளங்களின் மீதும் முழு உரிமை கொடுத்துவிட்டேன். இப்போது தரவுத்தளம் உருவாக்குவது, பயனர் சேர்ப்பது எல்லாமே நடக்கின்றன. நிறுவும் நிரலே செய்திருக்க வேண்டிய வேலை இது என்பது என் கருத்து. தவறா?

3 பிப்ரவரி 2025, இரவு

நிறுவும் நிரல் சரியாகவே நடந்துகொண்டிருக்கிறது. திரும்பப் பெற வேண்டியது நீங்கள் கொடுத்த உரிமையைத்தான்.

உபுண்டுவின் தொகுப்பு உருவாக்கும் அந்தக் கணக்கு மனிதர்கள் நுழைவதற்கானது அன்று. சேமித்த வினவல்கள், அண்மையில் திறந்த அட்டவணைகளின் பட்டியல், ஒவ்வொருவரின் திரை விருப்பங்கள் போன்றவற்றை வைத்துக்கொள்ள அதே பெயரில் ஒரு சிறு தரவுத்தளம் உருவாகிறது. அதைத் தொடுவதற்கு மட்டும் உரிமை பெற்ற கட்டுப்பாட்டுப் பயனர் அது. அதன் கடவுச்சொல் இடிசி கோப்புறைக்குக் கீழே கான்ஃபிக்-டிபி என்ற கோப்பில் எந்த மறைப்பும் இல்லாமல் எழுதப்பட்டிருக்கும், வலைச் சர்வர் அதைப் படிக்க வேண்டியிருப்பதால் வலைச் சர்வரின் குழுவுக்குப் படிக்கும் அனுமதியும் இருக்கும். அதே சர்வரில் ஒரு வேர்ட்பிரஸ் தளம் ஓடுகிறது, அதில் ஓட்டையுள்ள ஒரு செருகுநிரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டை வழியாக நுழைந்தவர் இந்தக் கோப்பைப் படிக்கலாம். நேற்றுவரை அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது சேமித்த வினவல்களின் பட்டியல். இன்று கிடைப்பது உங்கள் சர்வரின் எல்லாத் தரவுத்தளங்களும், எல்லாப் பயனர்களும்.

இந்தச் செயலிக்குச் சொந்தப் பயனர் என்று எவரும் இல்லை. உலாவியில் நீங்கள் தட்டும் பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே மைஎஸ்க்யூஎல் சர்வருக்குப் போகின்றன. அந்தக் கணக்குக்கு அங்கே என்ன உரிமை உண்டோ அதுதான் திரையில் பொத்தானாகத் தெரிகிறது. எனவே இதை அமைப்பது என்பது பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல் கணக்குகளை ஒழுங்காக அமைப்பதுதான். அமைப்புக் கோப்பில் இருக்கும் வரிகள் அதற்கு அடுத்தபடியானவை.

1698 பற்றி: உபுண்டுவில் ரூட் கணக்கு கடவுச்சொல்லால் திறப்பதில்லை. இயங்குதளத்தின் ரூட் பயனராகவே சாக்கெட் (அதே கணினிக்குள்ளான இணைப்பு) வழியாக வந்தால் மட்டும் திறக்கும். உலாவி வழியாக வரும்போது கதவைத் தட்டுவது வலைச் சர்வரின் பயனர் என்பதால் மறுக்கிறது. அதை அப்படியே விட்டுவிடுங்கள். அது உங்களுக்குச் சாதகமான பூட்டு.

4 பிப்ரவரி 2025

உரிமையைத் திரும்பப் பெறுவதற்கான ரிவோக் கட்டளையை (உரிமை கொடுப்பது கிராண்ட்) எழுதுமுன் ஒரு நுணுக்கம். ‘ரிவோக் ஆல் பிரிவிலேஜஸ், கிராண்ட் ஆப்ஷன் ஃப்ரம்’ என்று பொதுவாக எழுதினால் அந்தக் கணக்குக்கு எல்லா மட்டங்களிலும் உள்ள உரிமைகள் போய்விடும். தன் சிறு தரவுத்தளத்தின் (அதுதான் அமைப்புச் சேமிப்பிடம்) மீதான உரிமையும் போய், ‘அமைப்புச் சேமிப்பிடம் முழுமையாக இல்லை’ என்ற அறிவிப்பு முகப்புப் பக்கத்தின் அடியில் தொங்கத் தொடங்கும். ‘ஆன் *.*’ என்று குறிப்பிட்டு எழுதினால் உலகளாவிய மட்டத்தில் கொடுத்தது மட்டும் நீங்கும், தரவுத்தள மட்டத்தில் உள்ளது நிற்கும். ஆனால் ‘ஆல்’ என்பதற்குள் கிராண்ட் ஆப்ஷன் (பிறருக்கு உரிமை கொடுக்கும் உரிமை) அடங்காது. அதையும் கொடுத்திருந்தால் தனியாக ஒரு ரிவோக் தேவை. பிறகு ‘ஷோ கிராண்ட்ஸ் ஃபார்’ போட்டுப் பாருங்கள், *.* மீது ‘யூசேஜ்’ (உரிமை எதுவுமில்லை) என்று ஒரு வரியும், அதன் சொந்தத் தரவுத்தளத்தின் மீது ஒரு வரியும் இருந்தால் போதும்.

4 பிப்ரவரி 2025, சற்றுப் பின்

“வேர்ட்பிரஸும் கடவுச்சொல்லைக் கோப்பில்தானே வைக்கிறது” என்று கேட்டவருக்கு: ஆம், வைக்கிறது. அந்தக் கணக்கு தன் ஒரு தரவுத்தளத்தைத் தாண்டாது என்பதால்தான் அது தாங்கக்கூடிய ஆபத்து. ஒரே கணக்கைப் பல தளங்களுக்குப் பயன்படுத்துகிறவர்கள் அந்தத் தாங்குதலை இழக்கிறார்கள்.

நேற்று எழுதியதில் ஒன்றைச் சுருக்கிக்கொள்கிறேன். ஒவ்வொரு தளத்துக்கும் தனி இயங்குதளப் பயனரின் பெயரில் பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி நிரல்களை ஓட்டும் சேவை) செயல்முறைக் குழு வைத்திருந்தால், ஒரு தளத்தின் ஓட்டை வழியாக வந்தவர் இன்னொன்றின் கோப்பைப் படிக்க முடியாது. நான் சொன்னது எல்லாத் தளங்களும் ஒரே வலைப் பயனரின் கீழ் ஓடும் வழக்கமான அமைப்புக்கு. சிறு அலுவலகங்களில் நான் காண்பது பெரும்பாலும் அதுவே.

6 பிப்ரவரி 2025

அப்படியானால் எந்தக் கணக்கில் நுழைவது?

டெர்மினலில் சுடோ மூலம் மைஎஸ்க்யூஎல் உள்ளே போய், மேலாண்மைக்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் கிராண்ட் கட்டளை கணக்கைத் தானாக உருவாக்காது. முதலில் கிரியேட் யூசர், பிறகு கிராண்ட். பழைய வழிகாட்டிகளில் கிராண்ட் கட்டளையின் வாலில் ‘ஐடென்டிஃபைட் பை’ ஒட்டிக்கொண்டிருக்கும். அது இப்போது வெறும் இலக்கணப் பிழை.

என்ன உரிமை கொடுப்பது என்பதில்தான் பலர் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார்கள். பயனர் கணக்குகளைச் சேர்க்க, நீக்க ‘கிரியேட் யூசர்’ வேண்டும். பட்டியலைத் திரையில் காண ‘மைஎஸ்க்யூஎல்’ என்ற உள் தரவுத்தளத்தைப் படிக்கும் உரிமை வேண்டும். அந்த உரிமையோடு எல்லாருடைய கடவுச்சொல் சுருக்கங்களும் (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட குறியீடுகள்) கண்ணில் படும் என்பதை நினைவில் வையுங்கள். பிறருக்கு உரிமை கொடுக்க, அந்த உரிமை தன்னிடமும் இருக்க வேண்டும், கூடவே கிராண்ட் ஆப்ஷனும் வேண்டும். இல்லாததை எவரும் கொடுக்க முடியாது என்பதுதான் இந்த அமைப்பின் அழகு. ‘ஃபைல்’ உரிமை சர்வரில் உள்ள கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் விடுவது. இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

நான் பராமரிக்கும் சர்வர்களில் முன்னொட்டு முறையைப் பின்பற்றுகிறேன். ஒரு குழுவின் பொறுப்பாளருக்கு ‘கடை_’ என்று தொடங்கும் எல்லாத் தரவுத்தளங்களின் மீதும் மட்டும் உரிமை. அந்தப் பெயர்கள் எதிர்காலத்தில் உருவாகப் போகிறவையாக இருந்தாலும் செல்லும், அவரே உருவாக்கிக்கொள்ளலாம். முன்னொட்டு இல்லாத பெயரில் உருவாக்க முயன்றால் சர்வரே மறுக்கும்.

6 பிப்ரவரி 2025, இரவு

மேலே உள்ளதை மறுபடி படித்தபோது ‘கிரியேட் யூசர்’ என்பதை மிக எளிதாகச் சொல்லிச் சென்றது உறுத்துகிறது. அந்த உரிமை உள்ளவர் பிறருடைய கடவுச்சொல்லையும் மாற்றலாம். மைஎஸ்க்யூஎல் 8.0.16 முதல் ‘சிஸ்டம் யூசர்’ என்ற தனி உரிமை உண்டு. அது உள்ள கணக்கை, அது இல்லாதவர் தொட முடியாது. எனவே ரூட்டிடம் அது இருந்து, உங்கள் மேலாளரிடம் இல்லாவிட்டால் ரூட் பாதுகாப்பாக இருக்கும். ஆனால் மேலாளருக்கு *.* மீது ‘ஆல்’ கொடுத்தால் இதுவும் சேர்ந்தே போய்விடும். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வளர்ந்த மரியாடிபியில் இந்தத் தடுப்புச் சுவரே இல்லை. அங்கே கிரியேட் யூசர் கொடுப்பது ஏறத்தாழ முழுச் சாவியையும் கொடுப்பதுதான். மரியாடிபி வைத்திருப்பவர்கள் குழுப் பொறுப்பாளர்களுக்கு முன்னொட்டு உரிமையை மட்டும் கொடுத்து, கணக்கு உருவாக்கும் வேலையைத் தம் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

11 பிப்ரவரி 2025

டாக்கரில் (செயலிகளைக் கண்டெய்னர் என்னும் தனித்தனிக் கூடுகளில் ஓட்டும் கருவி) ஓட்டுகிறவரின் கேள்வி: பெயர் சரி, கடவுச்சொல் சரி, ஆனாலும் 1045 என்ற அணுகல் மறுப்புப் பிழை.

பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். அதில் பெயருக்குப் பின்னால் @ குறியும் ஒரு முகவரியும் இருக்கும். நீங்கள் எங்கிருந்து வருவதாகச் சர்வர் கருதுகிறது என்பதே அந்த முகவரி. மைஎஸ்க்யூஎல் கணக்கு என்பது பெயர் மட்டுமன்று, பெயரும் இடமும் சேர்ந்த இணை. ‘குமார்@லோக்கல்ஹோஸ்ட்’ வேறு, ‘குமார்@%’ வேறு. இரண்டுக்கும் வேறுவேறு கடவுச்சொல், வேறுவேறு உரிமைகள் இருக்கலாம். உங்கள் அமைப்பில் பிஎச்பிமைஅட்மின் தனிக் கண்டெய்னர், தரவுத்தளம் தனிக் கண்டெய்னர். எனவே சர்வர் காண்பது 172 என்று தொடங்கும் ஒரு முகவரி. லோக்கல்ஹோஸ்ட் கணக்கு அதற்குப் பொருந்தாது.

இதை ஒட்டி இன்னொரு பொறி. பொருந்தும் கணக்குகள் பல இருந்தால், இடம் மிகக் குறிப்பாக உள்ளதையே சர்வர் எடுத்துக்கொள்ளும். பெயரே இல்லாத அநாமதேயக் கணக்கு ஒன்று ‘லோக்கல்ஹோஸ்ட்’ இடத்துக்கு இருந்தால், ‘குமார்@%’ என்பவர் அதே கணினியிலிருந்து வரும்போது அந்த அநாமதேயக் கணக்கே முந்திக்கொள்ளும்; குமாரின் கடவுச்சொல் செல்லாது. பழைய சர்வர்களில் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. பயனர் பட்டியலில் ‘எவரும்’ என்று ஒரு வரி தெரிந்தால் முதலில் அதை நீக்குங்கள்.

புதிய பயனர் படிவத்தில் இடத்துக்கான இயல்பு மதிப்பு ‘%’, அதாவது எங்கிருந்தும். சர்வர் வெளியுலகுக்குத் திறந்திருந்தால் இது கவலைக்குரியது. அவசரத்தில் யாரும் அந்தப் பெட்டியைப் பார்ப்பதில்லை.

12 பிப்ரவரி 2025

“127.0.0.1 என்று போட்டாலும் லோக்கல்ஹோஸ்ட் கணக்கு வேலை செய்கிறதே, நீங்கள் சொல்வதுபோல் அவை வேறானால் எப்படி” என்று கேட்டிருக்கிறீர்கள். அமைப்புக் கோப்பில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதினால் யூனிக்ஸ் சாக்கெட், எண்ணில் எழுதினால் டிசிபி என்ற வலையமைப்பு வழி. டிசிபி வழியில் வந்தாலும் சர்வர் அந்த எண்ணைப் பெயராக மாற்றிப் பார்த்து, லோக்கல்ஹோஸ்ட் என்று கிடைத்தால் அந்தக் கணக்கை ஏற்கும். ‘ஸ்கிப் நேம் ரிசால்வ்’ என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால் பெயராக மாற்றும் வேலை நடக்காது, உடனே 1045 வரும். ஒரே கணக்கு ஒரு சர்வரில் நுழைந்து மற்றொன்றில் நுழையாத புதிர்களில் பல இதில் அவிழும்.

19 பிப்ரவரி 2025

முன்னொட்டு முறையைப் பற்றி எழுதியபோது அடிக்கோட்டைச் சாதாரண எழுத்தாக எழுதிவிட்டுப் போனேன். அதற்கு ஒரு விளக்கம் கட்டாயம் தேவை.

தரவுத்தள மட்டக் கிராண்ட் கட்டளையில் _ என்பது ஏதாவது ஓர் எழுத்தைக் குறிக்கும், % என்பது எத்தனை எழுத்துகளையும் குறிக்கும். ‘கடை_1’ என்று உரிமை கொடுத்தால் அது ‘கடை_1’ என்பதற்கு மட்டுமல்லாமல் ‘கடை21’, ‘கடை31’ ஆகியவற்றுக்கும் செல்லும். பகிர்வுச் சர்வரில் அடுத்த வாடிக்கையாளரின் தரவுத்தளம் அப்படியொரு பெயரில் இருந்தால் கதவு திறந்தே இருக்கிறது. அடிக்கோட்டுக்கு முன் ஒரு பின்சாய்வுக் கோடு இட்டால்தான் அது அடிக்கோடாகவே கொள்ளப்படும். பிஎச்பிமைஅட்மினின் படிவத்தில் ‘அதே பெயரில் தரவுத்தளம் உருவாக்கி எல்லா உரிமையும் கொடு’, ‘பயனர்பெயர்\_% என்ற பெயர்களுக்கு உரிமை கொடு’ என்ற இரு பெட்டிகளில் டிக் செய்தால் செயலியே கோட்டைச் சேர்த்துக்கொள்ளும். உரிமைப் பக்கத்தில் பெயரைக் கையால் தட்டினால் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். எஸ்க்யூஎல் தாவலில் கட்டளையாக எழுதும்போதும் அப்படியே.

அந்தக் கோட்டைத் தேவையற்ற குப்பை என்று எண்ணி, உரிமைப் பட்டியலைச் ‘சுத்தம்’ செய்த ஒரு நிர்வாகியை அறிவேன்.

20 பிப்ரவரி 2025

மேற்குறிப்புக்குத் திருத்தம்: மைஎஸ்க்யூஎல் 8.0.16 முதல் ‘பார்ஷியல் ரிவோக்ஸ்’ என்ற அமைப்பு உண்டு. அதை இயக்கினால் _, % இரண்டும் கிராண்டில் வெறும் எழுத்துகளாகவே கொள்ளப்படும், முன்னொட்டு முறையும் செயல்படாது. இயல்பாக அது அணைந்தே இருக்கும். சுட்டியவருக்கு நன்றி, நான் பயன்படுத்துவதில்லை என்பதால் நினைவில் வரவில்லை.

2 மார்ச் 2025

குக்கீ முறை உள்நுழைவுக்கான ரகசியச் சொற்றொடரைப் பற்றி. உங்கள் கடவுச்சொல்லைப் பூட்டி உலாவியின் குக்கீயில் வைக்க இது பயன்படுகிறது. பதிப்பு 5.2 முதல் சோடியம் நூலகம் வழியாகப் பூட்டப்படுவதால் சொற்றொடர் மிகச் சரியாக 32 பைட் இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் எச்சரிக்கை வரும்.

ஒருவர் மிகுந்த பற்றோடு 32 தமிழ் எழுத்துகளை எண்ணி எழுதிவிட்டு, நீளம் தவறு என்று ஏன் வருகிறது என்று கேட்கிறார். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘கு’ என்பது மெய்யடியும் உயிர்க்குறியுமாக 6 பைட். இடைவெளியோ எண்ணோ கலக்காத தூய தமிழில் 32 பைட் எட்டவே முடியாது, ஏனெனில் 32 மூன்றால் வகுபடாது. தனித்தமிழ் ஆர்வலர்கள் இரண்டு இடைவெளிகளைப் பொறுத்துக்கொண்டால் 10 குறிகளில் கணக்கு முடியும். ஆனால் யாரும் நினைவில் வைக்கத் தேவையில்லாத சொற்றொடர் இது. குருட்டாம்போக்கில் உருவாக்கிய 32 பைட்டை இட்டுவிட்டு மறந்துவிடுவதே முறை.

உள்நுழைவு பாதியில் அறுகிறது என்ற புகாரும் இதனோடு வந்தது. குக்கீயின் ஆயுள் இயல்பாக 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். அமைப்புக் கோப்பில் அதை மட்டும் உயர்த்தினால் பயனில்லை, பிஎச்பியின் செஷன் ஆயுளும் அதே 1440தான். இரண்டையும் சேர்த்து உயர்த்த வேண்டும். பொது இடத்துக் கணினிகளில் நுழைகிறவர்கள் உயர்த்தவே வேண்டாம்.

9 மார்ச் 2025

ஒரு பயிற்சி மையத்தில் நடந்தது. மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு, அதே பெயரில் ஒரு தரவுத்தளம். பருவம் முடிந்ததும் நிர்வாகி கணக்குகளை மட்டும் நீக்கிவிட்டு, செய்முறைத் திட்டங்களை மதிப்பெண்ணுக்காக வைத்திருக்க எண்ணினார். பயனர்களை நீக்கும் பகுதியில் ‘பயனர்களின் அதே பெயருள்ள தரவுத்தளங்களையும் அழி’ என்று ஒரு பெட்டி உண்டு. அதில் டிக் விழுந்திருந்தது. உறுதிப்படுத்தும் கேள்விக்கு அவர் பழக்கதோஷத்தில் சரி என்றார். திட்டங்கள் அனைத்தும் போயின. முந்தைய இரவின் நகல் இருந்ததால் பெரும்பகுதி மீண்டது.

அங்கேயே எதிர்ப்புறமான இன்னொன்றையும் கண்டேன், இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தரவுத்தளத்தை அழித்தால் அதன் மீது கொடுத்த உரிமைகள் அழிவதில்லை. உரிமைப் பட்டியலில் அவை அப்படியே இருக்கும். அடுத்த ஆண்டு வேறொருவர் அதே பெயரில் தரவுத்தளம் உருவாக்கினால், பழைய கணக்கு எஞ்சியிருக்கும்பட்சத்தில் அவர் உள்ளே வந்துவிடுவார். குடியிருந்தவர் காலி செய்த பிறகும் பூட்டை மாற்றாத வாடகை வீடு இது. ‘திட்டம்1’, ‘தேர்வு’ போன்ற பெயர்களை ஆண்டுதோறும் திரும்பப் பயன்படுத்தும் இடங்களில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பெயர் மாற்றமும் இந்த வகையைச் சேர்ந்ததே. தரவுத்தளத்தின் பெயரை மாற்றும் கட்டளை மைஎஸ்க்யூஎல்லில் இல்லை, 5.1 வரிசையில் சில பதிப்புகளில் மட்டும் இருந்து, ஆபத்தானது என்று நீக்கப்பட்டது. ‘செயல்பாடுகள்’ தாவலில் உள்ள பெயர்மாற்றம் உண்மையில் புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, எல்லாவற்றையும் அதற்குக் கொண்டுபோய், பழையதை அழிக்கிறது. ‘உரிமைகளையும் சரிசெய்’ என்ற பெட்டியில் டிக் இல்லாவிட்டால் பயனர்கள் பழைய பெயரின் மீதான உரிமையோடு வெளியே நிற்பார்கள். பெரிய தரவுத்தளங்களில் இதை உலாவி வழியாகச் செய்யவே வேண்டாம். பாதியில் நேரம் கடந்து நின்றால் எது எங்கே இருக்கிறது என்று தேடுவதே வேலையாகிவிடும்.

10 மார்ச் 2025

கேள்வி: “உரிமையைப் பறித்தேன், பிஎச்பிமைஅட்மினில் உடனே தெரிகிறது, ஆனால் அந்தப் பயனரின் செயலி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது.”

பிஎச்பிமைஅட்மின் ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக இணைகிறது, அதனால் மாற்றம் உடனே தெரிகிறது. நீண்ட நேரம் இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும் செயலிக்கு விதி வேறு: அட்டவணை மட்ட உரிமை அடுத்த வினவலிலேயே மாறும், தரவுத்தள மட்ட உரிமை அடுத்த முறை ‘யூஸ்’ கட்டளை வரும்போது மாறும், உலகளாவிய உரிமையும் கடவுச்சொல்லும் புதிய இணைப்புக்குத்தான் செல்லும். கணக்கை நீக்கினாலும், பூட்டினாலும் ஏற்கெனவே திறந்த இணைப்பு தானாக அறுவதில்லை. கணக்கைப் பூட்டிவிட்டு, ‘நிலை’ பக்கத்தின் செயல்முறைப் பட்டியலில் அந்தப் பயனரின் இணைப்புகளைக் கொல்லுங்கள். வரிசை முக்கியம், முதலில் கொன்றால் இணைப்புக் குளம் (செயலி திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுதி) உடனே மறுபடி இணைந்துகொள்ளும்.

‘ஃப்ளஷ் பிரிவிலேஜஸ்’ போட்டேன் என்று எழுதியவருக்கு: கிராண்ட், ரிவோக், கிரியேட் யூசர் ஆகியவற்றுக்கு அது தேவையில்லை. உரிமை அட்டவணைகளை நேரடியாகத் திருத்தினால் மட்டும் வேண்டும். நேரடியாகத் திருத்தவும் வேண்டாம், மரியாடிபி 10.4 முதல் அந்தப் பயனர் அட்டவணை வெறும் காட்சிதான், அடியில் இருப்பது வேறு அட்டவணை.

28 மார்ச் 2025

“அமைப்புக் கோப்பின் ஹைட் டிபி வரியால் மற்றவர்களின் தரவுத்தளங்களை மறைத்துவிட்டேன், போதுமா?” போதாது. அது பட்டியலிலிருந்து பெயரை எடுக்கிறது, அவ்வளவே. எஸ்க்யூஎல் தாவலில் பெயரைத் தட்டினால் திறக்கும். பயனர் குழுக்கள் என்று ஒரு வசதி உண்டு, அதுவும் மெனுக்களை மறைப்பதோடு நின்றுவிடும். உரிமை சரியாக இருந்தால் மறைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

29 மார்ச் 2025

இரட்டைச் சரிபார்ப்பைப் பற்றியும் இதே கேள்விதான் வந்திருக்கிறது. பதிப்பு 4.8 முதல் அது இருக்கிறது, அமைப்புச் சேமிப்பிடம் முழுமையாக இருந்தால் இயங்கும். இதை முன்பு ஒதுக்கித்தள்ளிப் பேசுவது வழக்கம், ஏனென்றால் காப்பது உலாவி வழியை மட்டும்; மைஎஸ்க்யூஎல்லின் 3306 துறை வெளியே திறந்திருந்தால் அதே கடவுச்சொல்லோடு நேராக உள்ளே வரலாம். ஆனால் துறையை மூடிவிட்டால் உலாவிதான் ஒரே வெளிவழி, அப்போது இதற்கு முழு மதிப்பு உண்டு. எனவே துறையை மூடிய பிறகு இதை இயக்குங்கள் என்பதே இப்போது என் நிலை.

14 ஏப்ரல் 2025

வெளிமுகவரி. தளப் பெயருக்குப் பின்னால் ‘பிஎச்பிமைஅட்மின்’ என்ற வழக்கமான பெயரைத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் ஓய்வதே இல்லை. எந்தப் பொதுச் சர்வரின் அணுகல் பதிவைத் திறந்தாலும் தெரியும். அப்பாச்சியின் ‘ஏலியாஸ்’ வரியில் பெயரை மாற்றினால் இரைச்சல் குறையும், பாதுகாப்பு கூடாது. ‘ரிக்வயர் ஐபி’ வரியால் அலுவலக முகவரிக்கு மட்டும் திறப்பது உண்மையான தடுப்பு. முகவரி மாறிக்கொண்டே இருக்கிறவர்கள் எஸ்எஸ்எச் சுரங்கம் (பூட்டிய தொலை இணைப்பு) வழியாக வரலாம், செயலியை 127.0.0.1இல் மட்டும் கேட்க வைத்து, தம் கணினியின் ஒரு துறையை அதற்கு இணைத்துக்கொண்டால் வெளியுலகுக்கு எதுவுமே தெரியாது. ‘அலவ் ரூட்’ என்பதை மறுத்து வையுங்கள். கடவுச்சொல் இல்லாத கணக்குகளை மறுப்பது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது, அதை அணைக்காதீர்கள். ‘செட்டப்’ கோப்புறை வேலை முடிந்ததும் இருக்க வேண்டியதில்லை.

உள்நுழைவுப் பக்கத்தில் சர்வர் முகவரியைப் பயனரே தட்டும் வசதியைத் திறந்து வைத்திருக்கிறவர்கள் அதை மூடுவது நல்லது. தாக்குபவர் தன் சொந்தப் போலிச் சர்வரின் முகவரியைக் கொடுத்து, அதன் வழியாக உங்கள் வலைச் சர்வரின் கோப்புகளைப் படிக்க முடிந்த ஓட்டை ஒன்று 2019 ஜனவரியில் வந்த 4.8.5 பதிப்பில்தான் அடைக்கப்பட்டது. அட்மினர் என்ற ஒற்றைக் கோப்புச் செயலியும் 4.6.3க்கு முன் இதே வகைத் தாக்குதலுக்கு உட்பட்டது. யாரோ எப்போதோ போட்டுவிட்டு மறந்த அட்மினர் கோப்பு உங்கள் தளத்தின் வேர்க் கோப்புறையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நான் பார்த்த சர்வர்களில் அது புதிய பெயரில் ஒளிந்திருப்பதும் உண்டு.

5 மே 2025

போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளச் சர்வருக்கு மாறுகிறவருக்கு, சுருக்கமாக. அதற்கான மேலாண்மைச் செயலி பிஜிஅட்மின் 4ஐ வலைச் சர்வராக ஓட்டினால் அதற்குச் சொந்தப் பயனர்கள் உண்டு. மின்னஞ்சல் முகவரியோடு உள்ளே நுழைவீர்கள். பிறகு தரவுத்தளச் சர்வருக்கான பாத்திரக் கணக்கு (ரோல்) தனி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பிஜிஅட்மினில் பயனர் சேர்த்தால் தரவுத்தளத்திலும் சேர்ந்துவிட்டதாக எண்ணுவது அங்குள்ள வழக்கமான தடுமாற்றம். கணக்கின் பெயரில் இடம் ஒட்டிக்கொண்டிருக்காது, யார் எங்கிருந்து வரலாம் என்பதை ஹெச்பிஏ கோப்பு தீர்மானிக்கும். புதிய தரவுத்தளம் உருவாக்கினால் எல்லாப் பாத்திரங்களுக்கும் இணையும் உரிமை இயல்பாகவே இருக்கும். வேண்டாமென்றால் ‘பப்ளிக்’ இடமிருந்து ‘கனெக்ட்’ உரிமையை நீங்களே பறிக்க வேண்டும்.

எனக்கு அங்கே மிகப் பிடித்தது: ஒரு பாத்திரத்துக்குச் சொந்தமாக ஏதாவது இருந்தால் அதை நீக்க போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். மைஎஸ்க்யூஎல் பெரும்பாலும் மறுக்காது. பயனரை நீக்கிவிட்டுப் போனால், அவர் பெயரில் வரையறுக்கப்பட்ட காட்சிகளும் நடைமுறைகளும் தொங்கலில் நிற்கும். பல மாதங்கள் கழித்து யாரோ ஓர் அறிக்கையைத் திறக்கும்போது 1449 என்ற பிழை வரும். நீக்குமுன் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் வியூஸ், ரொட்டீன்ஸ், ட்ரிகர்ஸ், ஈவெண்ட்ஸ் நான்கிலும் ‘டிஃபைனர்’ (வரையறுத்தவர்) பத்தியைத் தேடுங்கள்.

6 மே 2025

தரவுத்தளம் உருவாக்கும் பெட்டிக்கு அருகிலுள்ள கோலேஷன் (எழுத்துக்குறி, வரிசை முறை) பட்டியலைப் பற்றிக் கேட்டதற்கு: தமிழ் எழுத்துகள் 3 பைட்டில் அடங்குவதால் பழைய யூடிஎஃப்8 வகையிலும் தமிழ் கெடாது, முகக்குறிகள்தான் 4 பைட் என்பதால் உடையும். எனவே யூடிஎஃப்8எம்பி4 வகையையே எடுங்கள். லத்தீன்1 என்று தவறி உருவாக்கினால் தமிழுக்கு 1366 பிழை வரும், கண்டிப்பு முறை அணைந்திருந்தால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும், மீட்கவும் முடியாது. பின்னர் தரவுத்தளத்தின் கோலேஷனை மாற்றினாலும் இனி உருவாகும் அட்டவணைகளுக்கே அது செல்லும். பழைய அட்டவணைகளையும் மாற்ற ‘செயல்பாடுகள்’ தாவலில் தனிப் பெட்டிகள் உள்ளன.

21 ஜூன் 2025

சர்வர் மாற்றுகிறவருக்கு. தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்தால் பயனர் கணக்குகள் உடன் வருவதில்லை. பயனர் கணக்குகள் பக்கத்தில் தேவையானவர்களைத் தேர்ந்தெடுத்து ஏற்றுமதி செய்தால் அவர்களுக்கான கட்டளைகள் கிடைக்கும். 5.7இலிருந்து 8.0க்குப் போவதானால் அவற்றில் கிராண்ட் வரிக்கு முன் கிரியேட் யூசர் வரி இல்லாத கணக்குகளுக்கு அதைத் தனியாக எழுத வேண்டும். 8.4இல் பழைய நேட்டிவ் கடவுச்சொல் முறை இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது, 9.0இல் இல்லவே இல்லை. அங்கே போகிறவர்கள் பழைய சுருக்கங்களைக் கொண்டுபோக முயலாமல் எல்லாருக்கும் புதிய கடவுச்சொல் கொடுத்துவிடுவதே குறைந்த வேலை. லோக்கல்ஹோஸ்ட் கணக்குகளை அப்படியே இறக்கும் முன், செயலியும் தரவுத்தளமும் இனியும் ஒரே கணினியில்தான் இருக்கப் போகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டுப் பயனரை ஏற்றுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டாம், புதிய சர்வரின் நிறுவும் நிரல் தனக்கென்று ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.